கடற்கரை யார் கொடுத்தது?

(காணும் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை பூந்தமல்லியில் ஒரு வாசகசாலையின் ஆதரவில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது.)



வருகிற காணும் பொங்கலன்று பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கங்களிலிருந்து சுமார் நூறு பேர் பெண்டு பிள்ளைகளோடு சென்னை மெரினா கடற்கரைக்குப் போவதாகத் தீர்மானித்திருக்கிறீர்கள். போகுமுன் அந்தக் கடற்கரையைப் பற்றியே நாம் ஏதாவது பேச வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் கட்டளையிட்டார்கள். இங்கே வந்து உட்கார்ந்ததும் ஒரு தோழர், "கடற்கரையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? நடந்தால் மணல், பார்த்தால் தண்ணீர், தின்றால் சுண்டல், இவ்வளவுதானே!" என்றார். அவர் சொன்னது ஒரு விதத்தில் சரிதான். ஆனால் ஏன் இங்கே மணல் இருக்கிறது, ஏன் அந்தத் தண்ணீர் ஆளை இழுக்கிறது, அங்கே சுண்டல் விற்கவும் தின்னவும் யாருக்குப் பாத்தியதை இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தால் இரவு முழுவதும் பேசினாலும் தீராது.

நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நம்மை விட்டுவிட்டது. பிறகு கிடைத்த புஸ்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், கண்ணால் கண்டதை யோசித்தும் அறிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறோம். அதில் தவறிருந்தால் எழுந்து கேளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக மாத்திரம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கடல் நம் ஊருக்கு வருகிறது

நாம் கடற்கரைக்குப் போவதற்கு முன்னாலேயே கடல் நம் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறது. சித்திரை வைகாசி வெயிலில் பகல் முழுவதும் வெந்துகொண்டிருக்கிறோம். பிற்பகலிலோ சாயங்காலத்திலோ கிழக்கேயிருந்து ஒரு காற்று வருகிறது. "அப்பா! கடல் காற்று வந்துவிட்டது" என்று திண்ணையில் துண்டை விரிக்கிறோம். இந்தக் காற்றை அனுப்பியது யார்? வாயு பகவான் என்று நம் பாட்டி சொன்னாள். வாயு பகவான் அனுப்புகிறவரானால், மயிலாப்பூருக்கு முந்தியும் பூந்தமல்லிக்குப் பிந்தியும் ஏன் அனுப்ப வேண்டும்? அவருக்கும் பட்டணத்தானென்றால் ஒரு மரியாதை, நாட்டுப்புறத்தானென்றால் ஒரு மரியாதையா?

விஷயம் இவ்வளவுதான். வெயிலில் தரை சீக்கிரம் சுடுகிறது. தண்ணீர் மெதுவாகச் சுடுகிறது. சுட்ட தரையின்மேல் இருக்கும் காற்று லேசாகி மேலே கிளம்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. கரையில் இருப்பவனுக்கு முதலில் படுகிறது. இருபது கிலோமீட்டருக்கு மேல் மேற்கே இருக்கும் நமக்குப் பிறகு படுகிறது. இதில் பக்தனும் இல்லை, பாவியும் இல்லை. இந்தச் சின்னக் காரியத்தில் காரணம் தேடப் பழகிக்கொண்டால், பின்னால் நாம் சொல்லப் போகிற பெரிய காரியங்களிலும் அந்தப் பழக்கம் உங்கள் உயிரையே காப்பாற்றும்.

மணல் எங்கிருந்து வந்தது?

மெரினாவுக்குப் போனால் சாலையிலிருந்து தண்ணீரைத் தொடக் கால் வலிக்க மணலில் நடக்க வேண்டியிருக்கிறது. சராசரி 300 மீட்டர் அகலம் என்று சொல்லுகிறார்கள். "ஆண்டவன் நமக்கு எவ்வளவு விசாலமான இடத்தைக் கொடுத்திருக்கிறான்!" என்று ஒரு பெரியவர் நம்மிடமே சொல்லியிருக்கிறார். ஆண்டவன் கொடுத்தானா, வேறு யாராவது கொடுத்தார்களா என்று பார்ப்போம்.

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. அந்தக் காலத்தில் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அலை புரளுகிற அந்த இடத்தைக் கடந்து சாமானையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள் அவை. ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். இதைக் கண்டுபிடித்தவன் எந்தக் கலாசாலையிலும் படித்தவனல்ல, கரையோரத்துக் குப்பத்துக்காரன். கவர்னர் துரையானாலும் கவர்னர் துரைசானியானாலும் அவன் துடுப்பை நம்பித்தான் இந்த ஊரில் கால் வைக்க முடிந்தது.

இப்படிக் கப்பலுக்கும் கரைக்கும் இடையில் உயிரும் சரக்கும் நஷ்டமாவதைப் பார்த்து, கடலுக்குள் கல் சுவர்களை நீட்டித் துறைமுகம் கட்டுவதென்று முடிவு செய்தார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து சுவரில் பெரும் பாகத்தை உடைத்துத் தள்ளிற்று. இளவரசர் நாட்டிய கல்லென்று புயல் பார்க்கவில்லை. மறுபடியும் கட்டினார்கள்.

இந்தச் சுவர் நீண்டவுடன் ஒருவரும் எதிர்பாராத அளவுக்கு ஒரு காரியம் நடந்தது. நம் கரையில் வருஷத்தில் அதிக மாதங்கள் அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகிறது. ஒவ்வொரு அலையும் ஒரு கூடை மணலைத் தூக்கி வடக்கே கொஞ்சம் தள்ளிப் போடுகிறது. அடுத்த அலை இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்றுக் காலத்தில் கொஞ்சம் மணல் தெற்கே திரும்புகிறது. ஆனாலும் வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்தக் கூலியில்லா வேலை எத்தனையோ ஆயிரம் வருஷங்களாக நடந்துகொண்டிருந்தது. திடீரென்று குறுக்கே ஒரு சுவர்! வடக்கே போகிற மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிற்று. தேங்கித் தேங்கி அகலமாயிற்று. அதுதான் இன்று நீங்கள் நடந்து களைத்துப்போகிற மெரினா மணல்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் ஐஸ் ஹவுஸைப் பாருங்கள். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைக்க அதைக் கட்டினார்கள். கரையில் இறக்கியதும் உருகுவதற்குள் உள்ளே சேர்க்க வேண்டுமென்று கடலோரமாகவே இடம் பார்த்துக் கட்டினார்கள். இன்று அதன் வாசலில் நின்றால் எதிரே சாலை. சாலைக்கு அப்பால் மணல். அதற்கும் அப்பால்தான் கடல். கட்டிடம் நகரவில்லை, கடல்தான் தள்ளிப் போயிற்று. ஆண்டவன் இந்த அகலமான மணலைக் கொடுத்தானென்றால், துறைமுகச் சுவர் வரும்வரையில் ஏன் காத்திருந்தான்? கொத்தனும் சித்தாளும் கல் சுமந்த பிறகுதான் அவனுக்குக் கருணை பிறந்ததா?

ஒருவன் லாபம், ஒருவன் நஷ்டம்

இத்தோடு கதை முடியவில்லை. தெற்கே தேங்கிய மணல் வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் அல்லவா? அது வராமற்போனதால் துறைமுகத்துக்கு வடக்கே இருந்த கரையைக் கடல் அரிக்கத் தொடங்கிற்று. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்தில் தெருவும் வீடும் தண்ணீருக்குள் போயின. இன்று அங்கே போனால் மணலைக் காண்பதற்குப் பதிலாக, கடலைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பெரிய பெரிய பாறாங்கற்களைத்தான் காண்கிறோம்.

வீடு இழந்தவனிடம், "உன் பூர்வ ஜென்ம பாவம், கங்காதேவிக்குக் கோபம்" என்று சொல்லி ஒரு பூஜைக்குப் பணம் வாங்கினவர்கள் உண்டு. மயிலாப்பூர்க்காரன் புண்ணியம் செய்தான், மணல் வந்தது. திருவொற்றியூர்க்காரன் பாவம் செய்தான், மண் போயிற்று என்பது எவ்வளவு பெரிய புரட்டு! பாவமும் புண்ணியமும் இதில் ஒன்றுமில்லை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான் உண்டு. நாம் துறைமுகம் வேண்டாமென்று சொல்ல வரவில்லை. ஊருக்கெல்லாம் லாபமான காரியத்தால் ஒரு பகுதியாருக்கு நஷ்டம் வந்தால், அந்த நஷ்டத்துக்கு ஊரெல்லாம் பொறுப்பு என்கிறோம். விதி என்று சொல்லிவிட்டால் ஒருவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. விதி என்கிற வார்த்தை பிழைத்திருப்பதே அதனால்தான்.

பெயரும் பெருமையும்

மெரினா என்கிற பெயர் எப்படி வந்தது? 1881 முதல் 1886 வரை இங்கே கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் துரை, கரையோரம் நடைபாதையும் சாலையும் போடச் செய்தார். இத்தாலி தேசத்துச் சிசிலித் தீவில் தாம் பார்த்த கடற்கரையின் ஞாபகமாக மெரினா என்று பெயர் வைத்தார். கடலோரம் என்பதைத் தவிர அந்த வார்த்தைக்குப் பெரிய அர்த்தம் ஒன்றுமில்லை.

இன்னொரு பெருமையையும் சொல்லிவிட வேண்டும். மெரினா உலகத்திலேயே இரண்டாவது நீளமான கடற்கரை என்று சிறு பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்து வருகிறார்கள். கோட்டைப் பக்கத்திலிருந்து தெற்கே கணக்கிட்டால் சுமார் 6 கிலோமீட்டர். பெசன்ட் நகர் வரையில் இழுத்தால் 13 என்பார்கள். பக்கத்து வங்காள தேசத்தில் காக்ஸ் பஜார் கடற்கரை சுமார் 120 கிலோமீட்டர் நீளமிருக்கிறது! சாமி புராணத்தை மாத்திரம் சந்தேகித்துவிட்டு, சொந்த ஊர்ப் புராணத்தை அப்படியே விழுங்கினால் அது பகுத்தறிவாகாது. நம்முடைய கடற்கரைக்கு நீளத்தினால் பெருமையில்லை. அதில் யார் யார் வந்து நின்றார்கள், என்ன பேசினார்கள் என்பதில்தான் பெருமை.

மணலில் நின்று பேசியவர்கள்

தோழர்களே! நம் ஊர்களில் ஒரு கிணற்றடியில் இன்னார் இறங்கலாம், இன்னார் இறங்கக்கூடாது என்று இருந்தது. கோயில் குளத்துக்கும் அப்படியே. தெருவுக்குக்கூட அப்படியே. அப்படிப்பட்ட நாட்டில், வாசல் கதவும் பூட்டும் டிக்கெட்டும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் வந்து யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காரக்கூடிய ஒரு பெரிய இடம் எவ்வளவு அருமையானது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த மணலில்தான் 1923 மே 1-ந் தேதி சிங்காரவேலர் தொழிலாளர் தினம் கொண்டாடினார். ஒரு கூட்டம் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும், மற்றொன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலுள்ள கடற்கரையிலும் நடந்தது. இந்தியாவில் முதல் மே தினம் அதுதான். அவர் யார்? 1860-ல் அந்தக் கரையோரத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து, படித்து வக்கீலானவர். 1938 செப்டம்பரில் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து ஊர் ஊராக நடந்து வந்த தொண்டர் படை கடைசியில் வந்து சேர்ந்ததும் அதே திருவல்லிக்கேணிக் கடற்கரைதான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இரவு பகலாக அங்கே கூடியிருந்ததை உங்களில் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். ஜல்லிக்கட்டைப் பற்றி நம் அபிப்பிராயம் எப்படியிருந்தாலும் சரி, அத்தனை நாள் அத்தனை பேர் ஜாதி கேட்காமல் ஒரு பாத்திரத்துச் சோற்றைத் தின்றார்கள் என்பதை நாம் மறக்க முடியாது.

பிறகு 2018-ல் மெரினாவில் போராட்டம் நடத்த அனுமதிக்க வேண்டியதில்லையென்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜனங்கள் காற்று வாங்குகிற இடம், போக்குவரத்துக்குத் தொந்தரவு என்று காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தில் நியாயமே இல்லையென்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். இறந்துபோன தலைவர்களுக்கு அந்தக் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நினைவு மண்டபங்கள் கட்ட இடமிருக்கிறது. உயிரோடிருக்கிற குடியானவன் தன் குறையைச் சொல்ல ஒரு மூலையும் இல்லையா? அந்தத் தலைவர்களை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களே அந்த மணலில் நின்று பேசித்தானே தலைவர்களானார்கள்!

குப்பத்து மக்கள்

மணல் எல்லோருக்கும் பொது என்றோம். ஆனால் நமக்கெல்லாம் முன்னால் அங்கே இருந்தவர்களும், நாமெல்லாம் வீடு திரும்பிய பிறகும் அங்கேயே இருப்பவர்களும் குப்பத்து மீனவர்கள். நாம் பொழுதுபோக்கப் போகிற இடம் அவர்களுக்கு வேலை செய்கிற இடம். நமக்கு வயல் எப்படியோ, களம் எப்படியோ, அவர்களுக்கு மணல் அப்படி. கட்டுமரம் நிறுத்தவும் வலை உலர்த்தவும் வேறு இடமில்லை.

1985-ல் கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லிக் கட்டுமரத்தையும் வலையையும் அகற்ற முற்பட்டார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸார் சுட்டு, குப்பத்து மக்கள் செத்தார்கள். கட்டுமரம் அழகில்லை, வலை அழகில்லை, உழைக்கிறவன் உடம்பு அழகில்லை. வேறு எதுதான் அழகு? 2023 ஏப்ரலிலும் நொச்சிக்குப்பம் பக்கத்துச் சாலையோர மீன் கடைகளை அகற்றப் புறப்பட்டார்கள். மீன் விற்கிற பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி கட்டித் திறக்கப்பட்டது. கேட்டால் கிடைக்கிறது, வாயை மூடிக்கொண்டிருந்தால் இருந்ததும் போகிறது.

ஆகையால் அங்கே போகும்போது வலையை மிதிக்காதீர்கள். படகின்மேல் ஏறிக் கூத்தடிக்காதீர்கள். மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடிக்காதீர்கள். வீட்டுக் குழம்பில் மணப்பது கரையில் மாத்திரம் நாறுமா?

கடல் காவு கேட்கிறதா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். நாம் சிறுவராயிருந்தபோது எங்கள் பாட்டி நம்மைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். தண்ணீரில் கால் வைக்குமுன் ஒரு காசைக் கடலில் போடச் சொன்னாள். "கடல் வருஷத்துக்கு இத்தனை பேரென்று காவு வாங்கும், காசு போட்டால் நம்மை விட்டுவிடும்" என்றாள். நாமும் போட்டோம், பிழைத்து வந்தோம். அதனால் காசு காப்பாற்றிற்று என்று வெகுநாள் நம்பியும் இருந்தோம்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவிலிருந்து காணும் பொங்கலுக்குப் போன ஒரு பதினேழு வயதுப் பையன் திரும்பி வரவில்லை. அவனும் காசு போட்டுவிட்டுத்தான் இறங்கினான். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றவனை ஒரு அலை தள்ளிற்று. அடுத்த அலை உள்ளே இழுத்தது. அவன் தாயாரிடம் வந்தவரெல்லாம் "கடல் காவு வாங்கிவிட்டது, அவன் ஆயுசு அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொன்னார்கள். தெருவில் சாந்தி பூஜை செய்தார்கள். அந்த அம்மாள் நம்மைப் பார்த்து, "அத்தனை பேர் இருந்தும் என் பிள்ளையைத்தானா கேட்டது?" என்றாள். தோழர்களே! அந்தக் கேள்விக்கு நாம் அன்று பதில் சொல்லவில்லை. சொல்ல நமக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகுதான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டோம். ஆகவே அதை இன்று உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடல் எவனையும் கேட்பதில்லை. அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். அது எல்லா இடத்திலும் ஒரேமாதிரி திரும்புவதில்லை. சில இடங்களில் ஒன்றுசேர்ந்து, வாய்க்கால் மாதிரி குறுகலாகவும் வேகமாகவும் கடலுக்குள் ஓடுகிறது. அந்த இடத்தில் அலை குறைவாக, அமைதியாகத் தோன்றும். தெரியாதவன் அதுதான் நல்ல இடமென்று இறங்குகிறான். மெரினாவில் கரையும் சரிவு. இரண்டடி முன்னே வைத்தால் ஆழம். அங்கே குளிக்க வேண்டாமென்று போலீஸார் தடுப்பது இதற்காகத்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னது, காசு போட்டுவிட்டுக் காலை விடு என்று சொன்னதைவிட எத்தனையோ மடங்கு அறிவுள்ள வார்த்தை.

தப்பித் தவறி யாரையாவது நீர் இழுத்தால், நீரை எதிர்த்து நேரே கரைக்கு நீந்தக் கூடாது, களைத்துப்போவான். மிதந்துகொண்டே பக்கவாட்டில் நகர வேண்டும். அந்த ஓட்டம் அகலமில்லாததால் அதைவிட்டு வெளியே வந்துவிடலாம். காப்பாற்றப் போகிறவனும் தானே குதிக்கக் கூடாது. கயிற்றையோ, மிதக்கிற டப்பாவையோ எறிந்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

இதைவிடப் பெரிய உதாரணம் சுனாமி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி 29 நிமிஷத்துக்குச் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்தது. அந்த அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணிக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் மெரினாவில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், பிள்ளைகள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள், குப்பத்தில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் சொல்ல ஆளில்லை. தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். பாவிகளுக்கு வந்த தண்டனை என்று உடனே சிலர் சொல்லக் கிளம்பினார்கள். கைக்குழந்தை என்ன பாவம் செய்தது?

அதே நாளில் தாய்லாந்தில் ஒரு கடற்கரையில், இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பத்து வயதுப் பள்ளிச் சிறுமி கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரத்துக்கு முன் பூகோளப் பாடத்தில் வாத்தியார் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. கத்தினாள், பெற்றோரும் மற்றவர்களும் ஓடினார்கள், அந்தக் கடற்கரையில் சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். ஒரு பாடம் நூறு பேரைக் காப்பாற்றியது. நம் நாட்டிலும் 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்படுத்தினார்கள். இனி அந்த இரண்டு மணி நேரம் வீணாகாது. எந்த யாகம் இதைச் செய்தது?

இன்னும் ஒன்று. 2024 அக்டோபர் 6-ந் தேதி மெரினாவில் விமானப் படையின் வித்தை காட்டினார்கள். பல லட்சம் பேர் கூடினார்கள். நம் பக்கத்திலிருந்தும் ரயிலேறிப் போனவர்கள் அநேகர். வெயில், தாகம், நெரிசல். ஐந்து பேர் மாண்டார்கள். இதற்கும் விதி என்றார்கள். நிழலும், குடிதண்ணீரும், திரும்பி வர வண்டியும் போதுமான அளவுக்கு இருந்திருந்தால் அந்த விதி எங்கே போயிருக்கும்? ஆகாயத்தில் விமானம் பறக்கவிடத் தெரிந்த தேசத்துக்கு, கீழே நிற்கிறவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்கவா தெரியாது? தெரியும், அதுவும் முக்கியமென்று தோன்றவில்லை. அதை முக்கியமென்று தோன்றும்படி செய்வது நம் வேலை.

நாம் அனுப்புகிற காணிக்கை

மற்றவர்களைச் சொன்னது போதும். நம்மையும் கொஞ்சம் சொல்லிக்கொள்வோம். கூவம் ஆறு எங்கே கடலில் விழுகிறது? மெரினாவின் வடகோடியில், நேப்பியர் பாலத்துக்கு அருகில். அது எந்த வழியாக வருகிறது? நம் திருவேற்காட்டு வழியாக, மதுரவாயல் வழியாக. நாம் கடற்கரைக்குப் போவது வருஷத்துக்கு ஒரு நாள். நம் சாக்கடையும் குப்பையும் தினந்தோறும் போகின்றன. துறைமுகம் தேக்கிய அந்த மணல் ஆற்றின் வாயை அடைத்துக்கொள்கிறபோது, நாம் அனுப்பினது போக வழியின்றி அங்கேயே நின்று நாறுகிறது. அங்கே போய் மூக்கைப் பொத்திக்கொண்டு "பட்டணம் நாறுகிறது" என்று சொல்லுகிறோம். நாறுவதில் நம் வீட்டுப் பங்கும் இருக்கிறது. கூவத்தைப் புண்ணிய நதி என்று சொல்லி விளக்கு விடுவதைவிட, நம் ஊர்ச் சாக்கடையைச் சுத்தி செய்து விடும்படி நகராட்சியை விடாமல் கேட்பது மேலான காரியம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் அளக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம்.

மரப்பாதை

கடைசியாக ஒன்று. கால் நடவாதவர்களும் சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்களும் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும், மணலில் சக்கரம் புதைவதால் அலையைத் தொட முடியாமல் இருந்தார்கள். சாலையில் நிறுத்திவிட்டு, "அதோ தெரிகிறதே அதுதான் கடல்" என்று காட்டுவார்கள். அவர்கள் பல வருஷம் விடாமல் கேட்டார்கள். 2022 நவம்பர் 27-ந் தேதி மணலின்மேல் கடலை நோக்கி ஒரு மரப்பாதை போட்டுத் திறந்தார்கள். இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்திற்று. உடனே சிலர் "இயற்கைக்கே பொறுக்கவில்லை" என்றார்கள். 1881-ல் துறைமுகத்தைப் புயல் உடைத்தபோது சர்க்கார் துறைமுகம் வேண்டாமென்று விட்டுவிட்டதா? மறுபடியும் கட்டிற்றல்லவா? அதேபோல் இந்தப் பாதையையும் செப்பனிட்டார்கள். கப்பலுக்குச் செய்ததை மனிதனுக்கும் செய்ய வேண்டும். இதுதான் நாம் கேட்பது.

ஆகவே, கடற்கரை யார் கொடுத்தது என்ற கேள்விக்கு இப்போது நீங்களே பதில் சொல்லலாம். காற்றும் அலையும் மணலைச் சுமந்தன. கல் சுமந்த கூலியாள் அதை நிறுத்தினான். குப்பத்து மீனவன் அதில் முதலில் வாழ்ந்தான். அங்கே கூடிப் பேசிய ஜனங்கள் அதைப் பொதுவாக்கினார்கள். கால் நடவாதவர்கள் கேட்டுக் கேட்டு அதை இன்னும் கொஞ்சம் பொதுவாக்கினார்கள். யாரும் யாருக்கும் தானம் கொடுக்கவில்லை.

இந்தப் பூந்தமல்லியில் ஒரு முனையும் கலங்கரை விளக்கத்தில் மறு முனையுமாகச் சுமார் 26 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் பாதை போடத் திட்டமிட்டு வேலை செய்து வருகிறார்கள். அது முழுவதும் ஓடுகிற நாளில் கடற்கரை நமக்கு அடுத்த தெரு மாதிரி ஆகிவிடும். வண்டி கிட்டே கொண்டுபோய் விடும். ஆனால் புத்தியை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

வருகிற காணும் பொங்கலுக்கு நீங்கள் அவசியம் போங்கள். குழந்தைகள் மணிக்கட்டில் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிக் கட்டுங்கள். குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். கடலில் காசு போட வேண்டாம். அந்தக் காசுக்குக் குழந்தைக்குச் சுண்டல் வாங்கிக் கொடுங்கள். தண்ணீரில் இறங்காமல் நுரையில் கால் நனைத்தால் போதும். கட்டுச்சோற்றை ஜாதிக்கொரு ஜமுக்காளம் விரித்துத் தின்னாமல் ஒன்றாகக் கொட்டிக் கலந்து தின்னுங்கள். ஆண்கள் அலையைப் பார்க்கவும், பெண்கள் மூட்டைக்குக் காவலிருக்கவும் என்று போகாதீர்கள். மூட்டையை ஆண்கள் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டால் அது ஓடிப்போய்விடாது. திரும்பும்போது உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். 1959-ல் வைத்த அந்தச் சிலையில் நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெயர் கீழே எழுதியிராது. அவர்கள் யாரென்று குழந்தைகள் கேட்டால், இந்த மணலைக் கொடுத்தவர்கள் என்று சொல்லுங்கள்.

எங்கள் தெருவிலிருந்தும் இந்த வருஷம் பதினெட்டுப் பேர் வருகிறார்கள். அந்தப் பையனுடைய தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவனுக்குப் பிறகு அவர் கடலைப் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை. நூறு பேர் போகிறோம். நூறு பேரும் திரும்பி வரவேண்டும்.